கைமாறி வந்த கிளி: கடியும் கத்தலும்

கேள்வி, 4 ஜனவரி 2025

அக்கா, வணக்கம். நாங்கள் திருச்சியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மாமா மகன் வெளிநாடு போனதால் அவன் வளர்த்த சன் கன்யூர் கிளி எங்களிடம் வந்து சேர்ந்தது. பெயர் மஞ்சு, வயது நான்கு என்கிறான். வந்த புதிதில் சத்தமே இல்லை. எவ்வளவு நல்ல பிள்ளை என்று எல்லோரும் மெச்சினோம். இப்போது கூண்டுக்குள் கையை விட்டால் இரத்தம் வரும்வரை கடிக்கிறது. நான் கூடத்தை விட்டு நகர்ந்தாலே கத்தத் தொடங்கிவிடுகிறது. கீழ்வீட்டுக்காரர் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார். கிளி விற்கும் ஒருவரைக் கேட்டேன். "எல்லாம் திமிர். கடித்தால் அலகில் ஒரு தட்டு, கத்தினால் மேலே ஒரு துணி, யார் எஜமான் என்று பத்து நாளில் தெரிந்துகொள்ளும்" என்றார். என் கணவரும் அதையே சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

4 ஜனவரி, இரவு

தட்டவும் வேண்டாம், மூடவும் வேண்டாம்.

எஜமான் என்ற கணக்கே கிளிக்குக் கிடையாது. அலகில் தட்டினால் அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: கை வந்தால் வலி வரும். அப்புறம் அதே கை கொய்யாப்பழம் கொண்டுவந்தாலும் கடிக்கும். ஊதுவது, கையை உலுக்குவது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது எல்லாம் இதே வகைதான். தண்ணீர் தெளிப்பதில் இன்னொரு நட்டமும் உண்டு. குளிப்பது கிளிக்குப் பேரின்பம். அதைத் தண்டனையாக்கிவிட்டால் அந்த இன்பமும் போய்விடும்.

எதற்கும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். கிளி நோயை மறைக்கும் பறவை. காட்டில் சோர்ந்து தெரியும் பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும். நகம் உள்வளைந்து குத்தினாலும், வயிற்றில் தொல்லை இருந்தாலும், உங்களுக்குத் தெரிவது கடி மட்டும்தான். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். பறவை பார்ப்பவர் எந்த நேரத்தில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி. அதோடு, கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வாரா வாரம் எடை குறித்து வையுங்கள். சன் கன்யூரின் எடை நூறு கிராமுக்குச் சற்று மேலே இருக்கும். அதில் பத்து கிராம் குறைவது பெரிய செய்தி.

5 ஜனவரி, காலை

"வந்த புதிதில் சத்தமே இல்லை" என்ற வரி இரவெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கைமாறி வரும் கிளிகளின் கதை எல்லாமே இப்படித்தான் தொடங்குகிறது. அந்த அமைதி நல்ல குணத்தால் வந்ததல்ல, அச்சத்தால் வந்தது. தெரியாத இடத்தில் கிளி அசையாமல் இருக்கும், கையில் ஏறச் சொன்னால் ஏறும், மறுக்கத் துணிவிருக்காது. சில வாரங்கள் கழித்து இடம் பழகியதும் மறுக்கத் தொடங்கும். வீட்டார் அதைக் "கெட்டுப்போய்விட்டது" என்பார்கள். நான் அதை, கிளி உங்களிடம் பேசத் தொடங்கிவிட்டது என்பேன்.

எங்கள் வீட்டு முத்து ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. எங்களிடம் வருவதற்கு முன்பே வேறு வீடுகளைப் பார்த்தவன். மார்பில் ஒரு இறகுகூட இல்லை, எல்லாவற்றையும் தானே பிடுங்கிவிட்டிருந்தான். வந்தவுடன் வாலாட்டாமல் நின்றான். பிறகு என் கட்டைவிரல் நகத்தின் அடிவரை கடித்தான். அந்தக் கடி சொன்னதை யாரும் அதற்கு முன் கேட்டிருக்கவில்லை.

5 ஜனவரி, மாலை

கடி எப்படிப் பழக்கமாகிறது என்று எழுதுகிறேன். இது புரிந்தால் மீதி எல்லாம் எளிது.

கை நெருங்குகிறது. கிளிக்குப் பிடிக்கவில்லை. உடலை ஒடுக்குகிறது. நாம் கவனிக்கவில்லை. பின்னால் சாய்கிறது. கவனிக்கவில்லை. வாயைத் திறந்து காட்டுகிறது. "ஒன்றும் செய்யாதுடா கண்ணு" என்று இன்னும் நெருங்குகிறோம். கடிக்கிறது. கையை எடுத்துவிடுகிறோம். முதல் மூன்றும் பலிக்கவில்லை, நான்காவது பலித்தது. அடுத்த முறை அது முதல் மூன்றில் நேரத்தைச் செலவழிக்காது. "எந்த அறிகுறியும் இல்லாமல் கடிக்கிறது" என்று மக்கள் சொல்லும் கிளி, அறிகுறி காட்டிக் காட்டிப் பலன் இல்லாமல் அதைக் கைவிட்ட கிளி.

யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சூசன் ஃப்ரீட்மன் கிளி வளர்ப்போருக்குச் சொல்லிக் கொடுத்த வழி இதற்கு மிகவும் உதவும். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். கடிக்கு முன் என்ன நடந்தது. கிளி என்ன செய்தது. உடனே அதற்கு என்ன கிடைத்தது. "திமிர்", "பொறாமை", "பழிவாங்கல்" போன்ற சொற்களுக்கு அந்த நோட்டில் இடமில்லை. "மாலை ஆறரை, தட்டு எடுக்கக் கை விட்டேன், கழுத்து இறகு சிலிர்த்தது, கடித்தது, கையை எடுத்தேன்" என்ற அளவில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் ஒரு வடிவம் தெரியும்.

அதுவரை கடி வாங்காதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கையை அப்படியே வைத்திருங்கள் என்று ஒரு பழைய அறிவுரை உலவுகிறது. நான் அதை ஏற்கவில்லை. கடியைப் பொறுத்துக்கொள்வது திறமையல்ல. கடி தேவைப்படாதபடி, அது உடலை ஒடுக்கும்போதே விலகுங்கள். அப்படி விலகினால் கிளிக்குப் பணிந்துவிட்டதாகாதா என்று உங்கள் கணவர் கேட்பார். ஆகாது. சின்னக் குரலுக்கும் இந்த வீட்டில் மதிப்பு உண்டு என்று கிளிக்குத் தெரிவிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

6 ஜனவரி

கிளி கிளர்ச்சியடைந்தால் கண்மணி சட்டென்று சுருங்கி விரியும், அதையும் பார்க்க வேண்டும் என்று இதைப் படித்த கோவை நண்பர் ஒருவர் சேர்த்திருக்கிறார். உண்மைதான். ஆனால் முதிர்ந்த சாம்பல் கிளிக்குக் கண்மணியைச் சுற்றிய வளையம் வெளிர்மஞ்சளாக இருப்பதால் அது பளிச்சென்று தெரியும். சன் கன்யூருக்குக் கண் கரும்பழுப்பு. எட்டி நின்றால் தெரியாது. மஞ்சுவிடம் கழுத்துப் பின்புற இறகு, விசிறிபோல் விரியும் வால், எல்லாவற்றுக்கும் மேலாகத் திடீரென்று உறைந்து நிற்பதைப் பாருங்கள். துள்ளிக்கொண்டே இருக்கும் பறவை அசையாமல் நின்றால் கையை நீட்டாதீர்கள்.

6 ஜனவரி, சற்று நேரம் கழித்து

அலகு நீட்டுவதெல்லாம் கடியல்ல. கையில் ஏறுமுன் கிளி அலகால் விரலைப் பிடித்துப் பார்க்கும். கிளை தாங்குமா என்று சோதிக்கும் செயல் அது. அலகு அதற்கு மூன்றாவது கால். செங்குத்தாக ஏறும்போது கிளிகள் அலகைக் காலைப் போலவே பாரம் தாங்கப் பயன்படுத்துகின்றன என்று 2022 இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் பயந்து விரலை இழுத்துக்கொண்டால், ஆடும் கிளையை யார் நம்புவார்கள்? அடுத்த முறை அழுத்திப் பிடிக்கும். நாம் அதையும் கடி என்போம்.

8 ஜனவரி

குச்சியின் நுனியைத் தொடப் பழக்கி, கை படாமல் கிளியை நடத்திச் செல்லும் குச்சிப் பயிற்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

ஐஸ்கிரீம் குச்சி போதும். கூண்டு மூடியே இருக்கட்டும், கம்பி வழியாக நுனியைக் காட்டுங்கள். பெரும்பாலான கிளிகள் ஆர்வத்தில் அலகால் தொட்டுப் பார்க்கும். தொட்ட நொடியில் "சரி" என்று ஒரே குரலில் சொல்லி ஒரு சூரியகாந்தி விதை கொடுங்கள். கொஞ்ச நேரம் போதும், அது அலுப்பதற்கு முன் நிறுத்திவிடுங்கள். பிறகு குச்சியைச் சற்று இடப்பக்கம், சற்று வலப்பக்கம் காட்டுங்கள். குச்சி போகும் இடத்துக்குக் கிளி நடந்து வரத் தொடங்கினால், கை படாமலேயே அதை எங்கும் கூட்டிச் செல்லலாம். தட்டு வைக்கும் நேரத்தில் எதிர்மூலைக்கு அழைத்துவிடலாம். கூண்டுக்குள் கை விடுவதுதான் உங்கள் கடிகளுக்கெல்லாம் தொடக்கம் என்றால் பாதிக் கடி அன்றே நின்றுவிடும்.

குச்சிக்கே பயந்தால் குச்சியைக் கூண்டிலிருந்து தள்ளி, கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அது உடலைத் தளர்த்தும் தூரம் எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள். முத்துவிடம் நான் அறையின் மறுகோடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

பட்டினி போட்டுப் பயிற்சி வேண்டாம். சூரியகாந்தி விதையைத் தீனித் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, பயிற்சியில் மட்டும் கொடுத்தால் போதும். காலைத் தீனிக்குச் சற்று முன் செய்தால் ஆர்வம் தானே இருக்கும்.

8 ஜனவரி, இரவு

தினைக் கதிரை எழுத விட்டுப்போனது. விதையைவிட அது மேல், ஏனென்றால் நீளமாக இருக்கிறது. உங்கள் விரலுக்கும் அலகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கிடைக்கும். தினையைக் கண்ட கிளியின் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. குறிஞ்சித் திணைப் பாட்டுகளில் பரண்மேல் பெண்கள் பகலெல்லாம் கிளி ஓட்டிக்கொண்டிருந்தது வெறுமனே அல்ல.

10 ஜனவரி

கத்தலுக்கு வருகிறேன். இது பெரியது, பிரித்துப் பிரித்து எழுதுவேன்.

சன் கன்யூரின் தாயகம் கயானாவும் பிரேசிலின் வடக்கே உள்ள ரொரைமா மாநிலமும். திறந்த வெளியில் கூட்டமாகப் பறக்கும் இனம் அது. குரல் வெகுதூரம் கேட்க வேண்டும். காலையில் ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை எல்லாம் சேர்ந்து கத்தும். உங்கள் மஞ்சு அந்த இரண்டு வேளையும் பத்து இருபது நிமிடம் கத்தினால் அது அதன் பிறப்பு. அதை நிறுத்த முயலாதீர்கள். அந்த நேரத்தில் கதவு, சன்னல் மூடிய அறையில் வைத்துக்கொண்டு நீங்களும் சேர்ந்து பாட்டுப் போடுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் நேரில் போய் "காலை ஏழுக்கும் மாலை ஆறுக்கும் கொஞ்சம் சத்தம் இருக்கும், மற்ற நேரத்தைக் குறைக்க வேலை நடக்கிறது" என்று சொல்லுங்கள். கெடு தெரிந்த சத்தத்தை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

நீங்கள் கூடத்தை விட்டு நகர்ந்ததும் எழும் கத்தல் வேறு. "எங்கே இருக்கிறாய்?" என்ற கேள்வி அது. வெனிசுவேலாவில் பச்சைச் சிறுகிளி இனம் ஒன்றைக் கூட்டிலேயே கவனித்து, குஞ்சு ஒவ்வொன்றுக்கும் தனி அழைப்பொலியைப் பெற்றோர் கற்றுத்தருகின்றன என்று 2011 இல் ஆய்வு வெளிவந்தது. பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொள்ளும் குலத்தில் பிறந்த பறவை, துணை கண்ணை விட்டு மறைந்தால் கூப்பிடத்தான் செய்யும். பதில் வராவிட்டால் குரலை உயர்த்தும்.

ஆகவே பதில் சொல்லுங்கள். ஒரு சீழ்க்கை ஒலியைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு சுரம் போதும். சமையலறைக்குப் போகும்போதே ஒலியெழுப்புங்கள். அது கத்துவதற்கு முன் எழுப்ப வேண்டும், அதுதான் முக்கியம். அது மென்மையாகக் கிறீச்சிட்டாலோ, சீழ்க்கையைத் திருப்பிச் சொன்னாலோ உடனே பதில் கொடுங்கள், தலையை நீட்டிக் காட்டுங்கள், முடிந்தால் ஒரு விதையோடு வாருங்கள்.

கூச்சலுக்கு மட்டும் பதில் இல்லை. "சும்மா இரு!" என்று அடுக்களையிலிருந்து போடும் சத்தமும் பதில்தான். கிளிக்கு அது, துணை உரக்கக் கூவுகிறது என்ற மகிழ்ச்சி. ஓடிவந்து துணி போடுவதும் பதில்தான், ஓடிவந்தீர்கள் அல்லவா?

11 ஜனவரி

"கத்தினால் கண்டுகொள்ளாதீர்கள், தானே அடங்கும், இதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டும். பாராமுகம் மட்டும் போதாது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இதுவரை பலித்த ஒன்று திடீரென்று பலிக்காமல் போனால் உயிர் எதுவும் முதலில் அதையே இன்னும் பலமாகச் செய்யும். கத்தல் அடங்குமுன் உச்சத்துக்குப் போகும். அந்த உச்சத்தில் வீட்டில் ஒருவர் தாங்காமல் ஓடிவந்துவிட்டால், இவ்வளவு உரக்கக் கத்தினால்தான் ஆள் வரும் என்று கிளி கற்றுக்கொள்ளும். சில முறை பலித்துச் சில முறை பலிக்காத பழக்கம்தான் எல்லாவற்றிலும் கெட்டியானது.

வேறு ஒலிக்குப் பதில் கிடைக்கும் வழியைத் திறக்காமல் பழைய வழியை அடைப்பது கொடுமை. தனிமையில் கிடக்கும் பறவை அப்புறம் இறகைப் பிடுங்கத் தொடங்கும். முத்துவின் மார்பைப் பார்த்தவள் என்பதால் இதில் எனக்குப் பொறுமை குறைவு.

12 ஜனவரி

நாளை போகி. எல்லோருக்கும்: விடியற்காலைக்கு முன்பே சன்னல்களை அடைத்து, கிளியைத் தெருவிலிருந்து தள்ளிய உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள். பறவையின் நுரையீரலுக்கு டயர்ப் புகை நஞ்சு. மேளச் சத்தத்தில் இருட்டில் மிரண்டு கூண்டில் மோதிச் சிறகு ஒடிந்த கிளியைப் பார்த்திருக்கிறேன். சின்ன இரவு விளக்கு ஒன்று எரியட்டும்.

புகை என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான்ஸ்டிக் தோசைக்கல் இருக்கும் வீட்டில் கிளியைச் சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது. கல் அடுப்பில் மறந்து காய்ந்து 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சிலிருந்து எழும் ஆவிக்கு நிறமும் இல்லை, நமக்கு உறைக்கும் நெடியும் இல்லை. கிளி நிமிடங்களில் இறந்துவிடும். இரும்புக் கல்லுக்கு மாறுங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணி, கற்பூரம் கிளி இருக்கும் அறையில் வேண்டாம். பூசை வேறு அறையில் நடக்கட்டும்.

19 ஜனவரி

திருச்சியிலிருந்து நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் அம்மா. ஒன்று கண்ணில் படுகிறது: கடிகளில் பெரும்பாலானவை இரவு எட்டரைக்குப் பிறகு. கூண்டு எங்கே இருக்கிறது? கூடத்தில், தொலைக்காட்சிக்கு எதிரே. சீரியல் முடிய பத்தரை. காலையில் பால்காரர் மணி அடிக்கும்போது விழிப்பு. இந்தப் பறவைக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். தூக்கம் கெட்ட கிளி நாளெல்லாம் எரிச்சலோடு இருக்கும்.

இரவுக்கு ஒரு சிறிய கூண்டை வேறு அறையில் வைத்து, ஏழரைக்கெல்லாம் குச்சியைக் காட்டி அதற்குள் அழைத்துவிடுங்கள். இரவில் மூடும் துணிக்கு நான் எதிரியல்ல. அது தூக்கத்துக்கான துணி. தண்டனைக்கு அதே துணியைப் பயன்படுத்தியிருந்தால் வேறு நிறத்தில் ஒன்று வாங்குங்கள்.

பகலில் கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும். நான்கு பக்கமும் ஆள் நடமாடும் நடுக்கூடத்தில் முதுகுக்குக் காப்பே இல்லை.

2 பிப்ரவரி

தீனி. மாமா மகன் கொடுத்துவந்தது சூரியகாந்தி விதையும் டீயில் நனைத்த ரொட்டியும் என்று எழுதியிருக்கிறீர்கள். டீயை இன்றே நிறுத்துங்கள். விதை மட்டும் தின்ற கிளிக்கு வைட்டமின் ஏ குறையும், மூக்கும் வாயும் புண்ணாகும். கேரட், பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, பப்பாளி, முருங்கைக்கீரை கொடுங்கள். முருங்கைக்கீரையைக் கொத்தோடு கழுவிக் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஈரக் கீரையில் புரண்டு குளித்துவிட்டு அப்புறம் தின்னும். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், வெங்காயம் கூடவே கூடாது. முறுக்கு, மிக்சர் உப்புக்காகவே வேண்டாம். மாற்றத்தை மெல்லச் செய்யுங்கள், எடையைப் பார்த்துக்கொண்டே.

காட்டில் கிளியின் பகலில் பெரும்பகுதி இரை தேடுவதில் கழியும். நம் வீட்டில் தட்டைக் காலி செய்யச் சில நிமிடம். மிச்சப் பொழுதுக்குக் கத்தலைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. வேலை கொடுங்கள். தீனியைக் காகிதத்தில் சுருட்டுங்கள், மக்காச்சோளத்தை மட்டையோடு கொடுங்கள், கொட்டாங்குச்சியில் துளையிட்டுப் பழம் வைத்துத் தொங்கவிடுங்கள். பனையோலைக் கிலுகிலுப்பை கிடைத்தால் வாங்குங்கள், சாயம் பூசாததாக. முத்து அதைப் பிரித்து முடிக்கும் வரை வீட்டில் குரல் இராது. கடைக் கிலுகிலுப்பைக்குள் பிளாஸ்டிக் மணி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

2 பிப்ரவரி, பின்னர்

உட்காரும் கட்டை எல்லாம் ஒரே பருமனில் வழவழவென்று இருந்தால் பாதம் புண்ணாகும். கொய்யா, வேம்பு கிளைகளை வெட்டிக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். பட்டை உரிப்பதும் ஒரு வேலைதான்.

23 பிப்ரவரி

"குச்சியைத் தொடுகிறது, என் கையில் ஏறுகிறது, ஆனால் கணவர் உள்ளே வந்தால் என்னைக் கடிக்கிறது. ஏன் என்னை?" நல்ல கேள்வி. அச்சமோ ஆத்திரமோ மூண்டு, அதற்குரிய ஆள் எட்டாத தூரத்தில் நின்றால், கிட்டத்தில் இருப்பது எதுவோ அதன்மேல் இறங்கும். கையில் கிளியோடு இருக்கும்போது அவர் வாசலிலேயே நிற்கட்டும், நீங்கள் அதைக் கட்டையில் இறக்கிவிட்டு அவரை அழையுங்கள்.

இனித் தினைக் கதிர் கொடுப்பது அவர் வேலை. நீங்கள் கொடுக்கவே வேண்டாம். தொடவோ பழகவோ அவர் முயல வேண்டியதில்லை. வருவார், கதிரைக் கம்பியில் செருகுவார், போவார். அலகில் தட்டச் சொன்ன கையிலிருந்தே அதற்குப் பிடித்தது வர வேண்டும்.

9 மார்ச்

மதுரையிலிருந்து ஒருவர்: கூட்டிலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சை எடுத்து வளர்த்தார்களாம், இப்போது அது கடிக்கிறதாம், இதே பயிற்சி செல்லுமா என்கிறார். பயிற்சி செல்லும், வளர்ப்பு செல்லாது. நம் நாட்டுக் கிளி இனங்களை வீட்டில் வளர்ப்பது 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தாத்தா காலத்தில் திண்ணையில் தொங்கியது, கிளி சோதிடர் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அனுமதியாகிவிடாது. வனத்துறையிடம் ஒப்படையுங்கள். நீங்களே சன்னலைத் திறந்து விட்டுவிடாதீர்கள். கைத்தீனியில் வளர்ந்த பறவைக்கு இரை தேடவும் தெரியாது, பருந்துக்கு ஒளியவும் தெரியாது.

பச்சைக்கிளி மேல் ஆசை இருந்தால் மொட்டைமாடியில் ஊறவைத்த அரிசியும் தண்ணீரும் வையுங்கள். சென்னையில் பல மாடிகளுக்கு அவை கூட்டமாக வந்து போகின்றன. எங்கள் மாடிக்கு வருபவற்றைப் பார்த்து முத்து முதலில் கத்தினான். இப்போது அவற்றின் குரலிலேயே கூப்பிடுகிறான், அவையும் திரும்பிப் பார்க்கின்றன. ஆப்பிரிக்காவின் பறவை சென்னைக் கிளியின் பேச்சைப் பழகிக்கொண்டதைக் கேட்டு வீடே சிரித்தது.

30 மார்ச்

மஞ்சு சோபாவுக்கு அடியில் புகுந்துகொள்கிறது, நெருங்கினால் பாய்ந்து கடிக்கிறது என்ற செய்தி. பின்னடைவு என்று மனம் தளர வேண்டாம். நான்கு வயதுப் பறவை இனப்பெருக்கப் பருவத்தை அடைந்தது. இருண்ட பொந்து எதுவானாலும் அதற்குக் கூடு. சோபாவின் அடியை அட்டையால் அடையுங்கள், அலமாரியை மூடுங்கள், கூண்டுக்குள் பெட்டி, துணிக்கூடாரம் எதுவும் வேண்டாம். முதுகையும் சிறகின் அடியையும் தடவாதீர்கள். நமக்கு அது கொஞ்சல், அதற்கு இணைசேரும் அழைப்பு. தலையும் கன்னமும் போதும். வெதுவெதுப்பான குழைந்த சோறு ஊட்டுவதையும் நிறுத்துங்கள். நம் ஊரில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை; வீட்டு விளக்குதான் பகலை நள்ளிரவு வரை இழுக்கிறது. ஏழரை மணித் தூக்கம் இதற்கும் மருந்து.

31 மார்ச்

சிறகை வெட்டிவிட்டால் அடங்குமா என்று கேட்டவருக்கு: பறந்து விலக முடியாத பறவைக்கு மிஞ்சுவது அலகு மட்டும். சிறகு வெட்டிய பிறகு கடி கூடியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். முத்துவின் சிறகு வெட்டப்பட்டே வந்தது. இறகு உதிர்ந்து புதிது முளைத்து, பிடிக்காதபோது அலமாரி உச்சிக்குப் பறந்துவிட முடிந்த பிறகு அவன் கடிக்கக் காரணமே குறைந்துபோயிற்று. பறக்கும் கிளிக்கு மின்விசிறியை நிறுத்துவதும் சன்னலுக்கு வலை போடுவதும் நம் கடமை.

20 ஏப்ரல்

சாம்பல் கிளிகளில் புகழ்பெற்றது அலெக்ஸ். ஐரீன் பெப்பர்பெர்க் 1977 இல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கி முப்பது ஆண்டுகள் ஆய்வுக்குப் பழக்கிய பறவை. 2007 இல் இறந்தது. நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொல்லும் என்பதைப் பலர் அறிவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, பயிற்சி அலுத்தால் "திரும்பிப் போக வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லும், சொன்னதும் கூண்டுக்குக் கொண்டுபோய் விடுவார்கள் என்பது. மறுக்க வழி கிடைத்த பறவைக்கு அலகைத் தூக்க வேண்டியதில்லை. மஞ்சு பேசாவிட்டாலும் பரவாயில்லை. அது முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதையே சொல்லாக எடுத்துக்கொண்டு பயிற்சியை முடியுங்கள்.

15 ஜூன்

கோடை விடுமுறையில் வீடு நிறையப் பிள்ளைகள், பழைய கத்தல் திரும்பிவிட்டது என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ஜனவரியில் எழுதிய நோட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போது எதற்குக் கத்துகிறது என்றே தெரியாமல் இருந்தது. இப்போது நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பிள்ளைகள் கூண்டைச் சுற்றி ஓடும்போது, மதியத் தூக்கம் கெட்ட நாட்களில். காரணம் தெரிந்த கத்தல் இது. பிள்ளைகளுக்குக் கூண்டிலிருந்து மூன்றடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து சீழ்க்கை கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். மதியம் கூண்டு உள்ளறைக்குப் போகட்டும்.

22 ஜூன்

கணவர் தோளில் மஞ்சு உட்கார்ந்திருக்கும் படம் பார்த்தேன், மிகவும் மகிழ்ச்சி. ஆனால் தோள் இப்போதைக்கு வேண்டாம். உயரத்தில் இருந்தால் தலைக்கனம் வரும் என்ற பழைய நம்பிக்கையால் சொல்லவில்லை. தோளில் இருந்தால் அதன் கழுத்து இறகையும் வாலையும் அவரால் பார்க்க முடியாது. கடி விழுவது காதிலும் கண்ணருகிலும். முன்கையில் வைத்துக்கொள்ளட்டும்.

27 ஜூலை

கடைசியாக வந்த இரண்டு கேள்விகள்.

துணைக்கு இன்னொரு கன்யூர் வாங்கலாமா? இப்போது வேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று ஏற்கும் என்பதற்கு உறுதியில்லை, இரண்டு குரல் கீழ்வீட்டுக்கு இரட்டிப்பு. பின்னாளில் வாங்கினால் குறைந்தது ஒரு மாதம் தனி அறை, தனித் தட்டு, மருத்துவரின் சோதனை. கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும்.

கைமாறி வந்ததற்குத் தாள் ஏதும் தேவையா? தேவை. வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிய வேண்டும் என்ற விதி பிப்ரவரி 2024 இல் வந்தது. கைமாற்றமும் குஞ்சு பொரிப்பும் இறப்பும் அதில் பதிவாக வேண்டும். சாம்பல் கிளி 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. சன் கன்யூர் இரண்டாம் பட்டியலில். மாமா மகன் தன் பெயரில் பதிந்திருந்தால் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பதியவே இல்லை என்றால் மாவட்ட வன அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். எடைக் குறிப்பு நோட்டையும் மருத்துவர் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.